குறைமருந்து விளைபொருள்: ஜப்பானிய நுகர்வோர் மனநிலை

பூச்சிமருந்தைக் குறைத்து விளைவித்த காய்கனிகள் மீதான அக்கறை ஜப்பானில் 1970-களில் வலுத்தது. அசாஹி நாளிதழில் 1974-75-இல் சவாகோ அரியோஷி எழுதிய 'கூட்டு மாசு' தொடர் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. நகரத்துக் குடும்பங்கள் உழவரோடு நேரடியாகக் கைகோத்த 'தெய்கெய்' முறையில், விளைந்ததை எல்லாம் ஏற்பதே உடன்பாடு. புழு அரித்த ஓட்டையுள்ள முட்டைக்கோஸும் அதில் சேர்ந்தது. மனத்தைத் தொடும் நம்பிக்கை அது.

இத்தகைய விளைபொருள் கடைச் சரக்கானதும் குழப்பம் வந்தது. 1992-இல் இவற்றின் லேபிளுக்கு அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி வந்த 'மருந்தில்லாதது' என்ற லேபிளைக் கண்டவர்கள், மண்ணில் மிஞ்சியதும் பக்கத்து வயலிலிருந்து காற்றில் வருவதும்கூடக் கிடையாது என்று எண்ணினார்கள். சான்றிதழ் பெற்ற இயற்கை விளைபொருளைவிட உயர்ந்தது என்றும் பலர் நம்பினார்கள். 'மருந்து குறைத்தது' என்றாலோ, எதைவிட, எவ்வளவு என்பது விளங்கவில்லை. திருத்திய வழிகாட்டுதல் 2004-இல் இச்சொற்களை விலக்கியது. இப்போது 'சிறப்புச் சாகுபடி' என்ற ஒரே பெயர்தான். அதைப் பெற, மருந்தடிக்கும் எண்ணிக்கையும் ரசாயன உரத்தின் தழைச்சத்தும் அந்த வட்டார வழக்கத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு குறைத்தார்கள் என்பதை லேபிளிலேயே அச்சிட வேண்டும். வாங்குபவருக்கு உண்மையில் உதவுவது அந்த ஒரு வரிதான்.