கண்ணாடித் தகட்டில் ஒரு வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மேதை ஒருவர் தனியே இருந்து சிந்தித்தார்; உண்மை அவருக்குப் புலனாயிற்று; உலகம் பயன்பெற்றது. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். ஆனால், ஒரு கண்டுபிடிப்பு எவருடைய உழைப்பினால் உருவாயிற்று, எவருக்குப் பயன்பட்டது, எவருடைய வாயிலை அது எட்டாது போயிற்று என்று வினவத் தொடங்கும்போதே விஞ்ஞானத்தின் வரலாறு சமுதாயத்தின் வரலாறாகின்றது. இவ்வினாக்களுக்கு விடைகாண மிக எளிய பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கும் அதே கண்ணாடி வழுக்கிதான் அது. பெண்ணின் கருப்பைக் கழுத்திலிருந்து வழித்தெடுத்த கலங்களை அதிற் பூசி, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்க்கும் முறையையே ‘பப் பரிசோதனை’ என்கின்றோம்.

இப்பெயர் ஜோர்ஜ் பப்பனிக்கொலாவ் என்ற கிரேக்கரின் பெயரிலிருந்து வந்தது. 1883 இல் கிரேக்க நாட்டின் கிமி என்னும் ஊரிற் பிறந்த அவர், அதென்சில் வைத்தியமும் மியூனிக்கில் விலங்கியலும் கற்று, 1913 இல் தம் மனைவி அந்திரோமாக்கியுடன் நியூயோர்க் நகரை அடைந்தார். கற்றவர் என்பதால் அந்நகரம் அவரைக் கைநீட்டி வரவேற்கவில்லை. கணவர் பெருங்கடையொன்றிற் கம்பளம் விற்றார். மனைவி கூலிக்குப் பொத்தான் தைத்தார். பின்னரே கொர்னெல் வைத்தியக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் அவருக்கு இடங்கிடைத்தது.

அங்கு அவர் ஆராய்ந்தவை கினிப்பன்றிகள். அவ்விலங்கின் கருமுட்டை எந்நாளில் முதிர்கின்றது என்பதை, அதனைக் கொல்லாமலே அறிய வேண்டியிருந்தது. மூக்கைச் சோதிக்கும் சிறு கருவியினால் யோனியின் சுவரிலிருந்து கலங்களை எடுத்து, நாள்தோறும் அவை மாறும் வகையைக் குறித்தார். 1917 இல் இவ்வாய்வு வெளியாயிற்று. விலங்கிற் கண்டதை மனிதரிலும் காணவேண்டுமல்லவா? அதற்கு முன்வந்தவர் அந்திரோமாக்கியே. பகலில் ஆய்வுகூடத்தில் உதவியாளராக உழைத்த அவர், பல ஆண்டுகளாகத் தம் உடலின் கலங்களையும் அவ்வாய்வுக்கு வழங்கினார். பரிசோதனைக்குக் கணவரின் பெயர் நிலைத்தது. அதன் முதல் ஏடு மனைவியின் உடலில் எழுதப்பட்டதென்பதைப் பாடநூல்கள் குறிப்பதில்லை.

மருத்துவமனைக்கு வந்த பெண்களின் கலங்களை ஆராய்ந்தபோது, அவற்றிடையே உருச்சிதைந்த, கருப் பெருத்த புற்றுநோய்க் கலங்களையும் பப்பனிக்கொலாவ் கண்டார். 1928 ஜனவரியில், மிச்சிகன் மாநிலத்து பற்றில் கிறீக் நகரில் அவர் இதனை அறிவித்தார். அறிவித்த மேடையையும் நாம் கருத வேண்டும். ‘இன மேம்பாடு’ என்ற பெயரில், மனிதருள் உயர்ந்த பிறப்பு எது, தாழ்ந்த பிறப்பு எது என்று தரம்பிரிக்கக் கூடிய மாநாடு அது. மனித சமத்துவத்தை மறுத்த ஓர் அவையில், எல்லாப் பெண்களையும் காக்கவல்ல ஒரு முறை முதன்முதலாகப் பேசப்பட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவர் தனித்து நிற்கவுமில்லை. உருமேனியாவின் அவுரேல் பாபெஸ் என்ற வைத்தியர், கருப்பைக் கழுத்திலிருந்தே கலங்களை எடுத்து நோயறியும் முறையை 1927 இல் புக்கரெஸ்ற் நகரில் விளக்கி, 1928 இல் பிரெஞ்சு சஞ்சிகையொன்றில் வெளியிட்டிருந்தார். காலம் கனியும்போது ஒரே உண்மை பல இடங்களில் வெளிப்படுவதே விஞ்ஞானத்தின் இயல்பு. பிந்திய உலகம் ஒருவர் பெயரை மட்டும் நினைவிற் கொண்டதற்கு அறிவுத்திறன் மட்டுமன்று, அமெரிக்க நிறுவனங்களின் பலமும் காரணமாகும்.

இரு அறிவிப்புகளும் அன்று பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை. ‘கருப்பைக் கழுத்துக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றது, சிறு துண்டை வெட்டி எடுத்துப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும், உதிர்ந்த கலங்களைத் தேடுவானேன்?’ என்று நோயியலாளர் கேட்டனர். குருதிப் பெருக்கோடு வைத்தியரை நாடிவரும் பெண்ணைப் பொறுத்தவரை அவர்கள் கேட்டது சரியே. ஆனால் நோயின் குறி எதுவுமில்லாது வயலிலும் ஆலையிலும் அடுக்களையிலும் நிற்கின்ற பெண்ணை அவர்கள் கருதவில்லை. இப்புற்றுநோய் திடீரெனத் தோன்றுவதன்று. பெரும்பாலும் பல ஆண்டுகள் மாறுபட்ட கலங்களாக உறங்கிக்கிடந்து, பின்னரே பரவும். அவ்விடைக்காலத்திற் கண்டால் சிறு சிகிச்சையே போதும். வந்த நோயாளரைப் பார்க்கும் வைத்தியம், நோய் வருமுன்னே மக்களைத் தேடிச்செல்லும் வைத்தியமாக மாறவேண்டும் என்பதே இக்கண்ணாடி வழுக்கி விடுத்த அறைகூவல்.

1939 அளவில், ஹேர்பேட் ட்ராவுற் என்ற பெண்நோயியல் வைத்தியருடன் இணைந்து, நியூயோர்க் வைத்தியசாலைக்கு வந்த பெண்களிடம் பப்பனிக்கொலாவ் இச்சோதனையை ஒழுங்காக நடத்தலானார். 1941 இல் அவர்களது கட்டுரையும், 1943 இல் ஹஷிமே முராயாமா என்ற ஜப்பானிய ஓவியரின் வண்ணப்படங்களோடு நூலும் வெளிவந்தன. 1947 இல் கனடாவின் வைத்தியர் ஏணஸ்ற் ஏயர் ஒரு மரக்கரண்டியை அமைத்தார். அதன் நுனியைக் கருப்பைக் கழுத்தின் வாயில் ஒருமுறை முழுவதுமாகச் சுழற்றினால், நோய் தொடங்கும் இடத்திலிருந்தே கலங்கள் கிடைக்கும். சில சதம் பெறுமதியான மரத்துண்டு ஒன்று, இம்முறையை ஊர்தோறும் கொண்டுசெல்லக் கூடியதாக்கிற்று.

செய்முறை எளிது, எனினும் கவனத்தை வேண்டுவது. எடுத்த கலங்களை வழுக்கியில் மெல்லிதாகப் பூசி, காற்றில் உலருமுன் அற்ககோலில் இடவேண்டும். உலர்ந்தால் கலம் சிதைந்து, சோதனை பயனற்றதாகும். பெண்ணின் பெயரையும் இலக்கத்தையும் வழுக்கியிலேயே பொறிக்க வேண்டும். வயது, இறுதி மாதவிலக்கு ஆகியவற்றைக் குறித்த படிவமும் உடன் செல்லவேண்டும். ஆய்வுகூடத்திற் சாயமூட்டி, பல்லாயிரம் கலங்களிடையே ஐயத்துக்குரிய சிலவற்றை ஒருவர் கண்ணாற் தேடவேண்டும். முடிவு மீண்டும் அந்தப் பெண்ணையே சென்றடைய வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேதையின் கண்டுபிடிப்பு வீண்.

அச்சங்கிலியின் நடுவே அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் பெண் ஊழியரே. அமெரிக்காவில் இவ்வேலை தனியார் ஆய்வுகூடங்களின் வணிகமாயிற்று. வழுக்கி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டது. அதிகம் பார்த்தவருக்கு அதிக கூலி. வழுக்கிகளை வீட்டுக்குக் கொண்டுசென்று பார்த்தவரும் உண்டு. களைத்த கண் நோயைத் தவறவிட்டது. ‘நோயில்லை’ என்ற தாளைப் பெற்ற பெண்கள் பின்னர் நோயால் மாண்டனர். 1987 இல் வோல்ற் பொக்டனிச் என்ற பத்திரிகையாளர் இக்கொடுமையை வெளிப்படுத்தினார். மறு ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி, ஒருவர் நாளொன்றுக்கு 100 வழுக்கிகளுக்கு மேற் பார்க்கலாகாதென்ற எல்லை விதிக்கப்பட்டது. தொழிலாளியின் ஓய்வு நோயாளியின் உயிராகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நியூசிலாந்தின் ஓக்லன்ட் நகரில் வேறொரு வகைக் கொடுமை நிகழ்ந்தது. அங்குள்ள தேசிய மகளிர் வைத்தியசாலையில், ஹேர்பேட் கிறீன் என்ற வைத்தியர் 1966 முதல் ஓர் ஆய்வை நடத்தினார். கருப்பைக் கழுத்தின் மேற்படையில் மட்டும் நிற்கும் மாற்றம் புற்றுநோயாகப் பரவாது என்பது அவரது கொள்கை. அதனை நிறுவுவதற்காக, அம்மாற்றமுடைய பெண்கள் பலர் முழுச் சிகிச்சையின்றி, மீண்டும் மீண்டும் கலப்பரிசோதனை செய்யப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். தாம் ஓர் ஆய்வுக்கு ஆளாயிருப்பதை அவர்கள் அறியார். உடன் பணியாற்றிய வைத்தியர் சிலர் எச்சரித்தும் பயனிருக்கவில்லை. 1984 இல் அவர்களே வெளியிட்ட கட்டுரையின்படி, மாறுபட்ட கலங்கள் தொடர்ந்து காணப்பட்ட பெண்களுள் 22 சதவீதத்தினருக்கு நோய் பரவும் புற்றாக முற்றியிருந்தது. கலங்கள் சீரடைந்தோரில் அவ்விகிதம் 1.5 சதவீதம் மட்டுமே. 1987 இல் சன்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் இதனை மக்கள்முன் வைத்தனர். நீதிபதி சில்வியா கார்ட்றைட்டின் விசாரணை அறிக்கை 1988 இல் வந்தது. நோயாளியின் உரிமை அந்நாட்டிற் சட்டமாவதற்கு அதுவே வழிகோலிற்று. வழுக்கி தன் கடமையைச் செய்திருந்தது. அது சொன்னதைக் கேட்க மறுத்தது அதிகாரமே.

இதற்கு மறுதலையாகப் பின்லாந்தைக் காண்போம். 1960களில் அந்நாடு பெண்களைப் பெயர்ப் பதிவேட்டின்படி அழைத்து, இலவசமாகச் சோதித்து, முடிவை அறிவித்து, சிகிச்சையும் அளித்தது. காலப்போக்கில் இந்நோயால் நேரும் மரணம் அங்கு ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது. பிரித்தானியாவிலோ, 1960களில் தொடங்கிய சோதனை, தாமாக வந்தோர்க்கே பெரும்பாலும் பயன்பட்டது. 1988 இல் எல்லாப் பெண்களையும் அழைக்கும் முறை வந்த பின்னரே நிலைமை திருந்தியது. வழுக்கி ஒன்றே; சமுதாய ஒழுங்கு வேறு; பயனும் வேறு.

1983 இல் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் இந்நோய்க்குக் காரணமான வைரசுகளுள் முதன்மையானதை இனங்கண்டனர். தடுப்பூசி வந்தது, வைரசையே நேரிற் கண்டறியும் சோதனையும் வந்தது, அதற்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளவும் இயலும். ஆயினும் 2022 இல் உலகெங்கும் ஏறத்தாழ 350,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர். அவர்களுள் 94 சதவீதத்தினர் வருவாய் குறைந்த, இடைத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தோர். தடுக்கும் வழி அறியப்பட்டு எண்பது ஆண்டுகள் கழிந்தபின் நேரும் மரணங்களை விதி என்று சொல்வது பொருந்துமா?

நம் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இச்சோதனையை இலவசமாக நடத்தி வருகின்றன. 35 வயதை எட்டிய பெண்கள் அதற்கு அழைக்கப்படுகின்றனர். 2017 முதல் ஆறாந் தரத்து மாணவியர்க்குத் தடுப்பூசியும் வழங்கப்படுகின்றது. இலவச வைத்தியத்தின் அரிய பேறுகள் இவை. ஆனால் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண், ஒரு நாட் சம்பளத்தை இழந்தே வரவேண்டுமாயின், இலவசமும் அவளுக்கு விலையுடையதே. வெட்கத்தினாலும் அச்சத்தினாலும் வாராதிருப்போரும் உளர். அவர்களைப் பழிப்பதாற் பயனில்லை. வீட்டுப்படி ஏறிவரும் மருத்துவமாதுவின் சொல்லும், வகுப்பறையில் ஆசிரியர் கூசாது கூறும் விளக்கமும் அங்கு வேண்டும். மாணவி வீட்டுக்குக் கொண்டுசெல்லும் செய்தி தாயின் உயிரைக் காக்கலாம்.

அந்திரோமாக்கி தம் உடலை ஆய்வுக்கு வழங்கினார். பெயரறியாப் பெண்கள் பல்லாயிரவர் கண்நோக உழைத்தனர். ஓக்லன்ட் நகரப் பெண்கள் தம் உயிரையே விலையாகக் கொடுத்தனர். இவர்களெல்லாரும் சேர்ந்து ஈட்டிய அறிவு அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து. அது இறுதிப் பெண்ணின் கையைச் சென்றடையும் நாளிலேயே இவ்வரலாறு நிறைவெய்தும்.