நியூசிலாந்துப் பள்ளிப் பல் மருத்துவப் பணி

நியூசிலாந்துப் பள்ளிப் பல் மருத்துவப் பணி என்பது பள்ளிக் குழந்தைகளின் பற்களை இலவசமாகப் பரிசோதித்து, பள்ளி வளாகத்திலேயே சிகிச்சையும் அளிக்க அந்நாட்டு அரசு 1921இல் தொடங்கிய திட்டம். இதற்கென்றே பயிற்சி பெற்ற பல் செவிலியர் இதை நாடு முழுவதும் நடத்தினர். பிற நாடுகள் பலவற்றுக்கு இது முன்மாதிரியானது.

தோற்றம்

முதல் உலகப் போரின்போது படையில் சேர வந்த இளைஞர்கள் பலரின் பற்கள் சொத்தையாகிக் கிடந்தன. படையின் பல் மருத்துவப் பிரிவை நடத்திய தாமஸ் ஹன்டர், இக்கேட்டைக் குழந்தைப் பருவத்திலேயே தடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அதற்குப் போதிய பல் மருத்துவர்கள் நாட்டில் இல்லை. எனவே இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, வெலிங்டனில் 2 ஆண்டுப் பயிற்சி அளிக்கும் முறை உருவானது.

செயல்முறை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் பரிசோதிப்பது இதன் அடிப்படை. வகுப்பிலிருந்து அழைக்கப்படும் குழந்தைக்குச் சொத்தை அடைப்பது, தேவையானால் மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்குவது, பல் துலக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் செவிலியரின் வேலை. சிக்கலான சிகிச்சைக்குக் குழந்தை பல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டது. தொடக்க காலத்தில் துளையிடும் கருவியைச் செவிலியர் காலால் மிதித்தே இயக்கினர். அது மெதுவாகச் சுழன்றதால் வலி கூடுதலாக இருந்தது. பிள்ளைகள் சிகிச்சை அறையை ‘கொலை வீடு’ என்றே அழைத்தனர். அழும் குழந்தையைத் தேற்றச் செவிலியர் பஞ்சுச் சுருளில் சிறு பொம்மை செய்து கொடுப்பதும் உண்டு.

பரவல்

இத்திட்டத்தைப் பின்பற்றி மலாயாவின் பினாங்கில் 1949இல் பல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இலங்கையில், நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து தந்த உதவியோடு மகரகமையில் பயிற்சி நிலையம் அமைந்தது.

பிற்கால மாற்றங்கள்

சிறு கறையையும் துளைத்து அடைக்கும் பழைய வழக்கம் 1970களில் தளர்ந்தது. பல்லைக் காப்பதற்கு முதலிடம் தரப்பட்டது. 1954இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் முறையும், ஃபுளோரைடு பற்பசையும் சொத்தையைக் குறைத்தன. பல் செவிலியர் பின்னர் ‘பல் சிகிச்சையாளர்’ எனப் பெயர் மாற்றம் பெற்றனர். அவர்களுக்கான படிப்பு பல்கலைக்கழகங்களுக்கு மாறியது. பள்ளிச் சிகிச்சை அறைகள் பலவற்றின் இடத்தை வட்டார நிலையங்களும் நடமாடும் வண்டிகளும் பிடித்தன.

மதிப்பீடு

பிற நாடுகளில் பள்ளிப் பரிசோதனை பல இடங்களில் பெற்றோருக்கு ஒரு சீட்டு அனுப்புவதோடு நின்றுவிடுகிறது. கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அலைய முடியாத வீட்டுக் குழந்தைக்கு அந்தச் சீட்டால் பயன் இல்லை. சொத்தையைக் கண்ட இடத்திலேயே, கண்டவரே, கட்டணமின்றி அதைச் சரிசெய்தது நியூசிலாந்துத் திட்டத்தின் தனிச்சிறப்பு. அந்நாட்டில் 18 வயது நிறையும் வரை அடிப்படைப் பல் சிகிச்சை இன்றும் இலவசம்.