2004 அமெரிக்க லீக் சாம்பியன்ஷிப் தொடர்

நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆகிய பேஸ்பால் அணிகள் 2004 அக்டோபர் 12 முதல் 20 வரை மோதிய ஏழு ஆட்டத் தொடர். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி, ஆண்டிறுதிக் கோப்பைக்கான ‘உலகத் தொடருக்கு’ச் செல்லும். முதல் மூன்று ஆட்டங்களையும் வென்ற யாங்கீஸ், அடுத்த நான்கையும் தோற்றது. அதற்கு முன், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீகில் 0–3 என்று பின்தங்கிய 25 அணிகளில் ஒன்றுகூட ஏழாவது ஆட்டத்தை எட்டிப் பார்த்ததில்லை.

பின்னணி

ரெட் சாக்ஸ் 1918-க்குள் ஐந்து முறை உலகத் தொடரை வென்றிருந்தது. அதன் உரிமையாளர் ஹாரி ஃப்ரேசி, 1919 டிசம்பர் இறுதியில் நட்சத்திர வீரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றார். யாங்கீஸ் தன் முதல் கோப்பையை 1923-இல் வென்றது. 1936 முதல் 1939 வரை தொடர்ந்து நான்கு, 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து என்று 2000-க்குள் 26 கோப்பைகளைச் சேர்த்துவிட்டது. அதே காலத்தில் ரெட் சாக்ஸுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு உலகத் தொடர்களிலும் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றது. 1978 ஜூலையில் யாங்கீஸைவிட 14 ஆட்டங்கள் முன்னே இருந்தும் பட்டியல் முதலிடத்தைப் பறிகொடுத்தது.

1986-இல் கோப்பைக்கு ஒரே ஒரு பந்து மீதமிருந்த நிலையில் ஆறாவது ஆட்டம் கைநழுவியது. ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே புகுந்து ஓடிய பந்தைத்தான் உலகம் நினைவு வைத்திருக்கிறது. அந்தப் பந்து வருவதற்கு முன்பே, பிட்சரின் (பந்துவீச்சாளரின்) தாறுமாறான ஒரு வீச்சில் ஆட்டம் சமனாகிவிட்டிருந்தது. பக்னர் தலையில் விழுந்த பழியில் பாதி இன்னொருவருடையது.

இந்தத் தோல்விகளையெல்லாம் ரூத்தின் சாபம் என்று கோத்துச் சொல்லும் கதை, டான் ஷாக்னசி 1990-இல் எழுதிய நூலுக்குப் பின்பே பரவலானது. சாபம் என்றதும் தோற்றவன் பாடு சுலபமாகிவிடுகிறது. நவீன மேஜர் லீகின் முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் களமிறங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1959-இல்தான் ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பின வீரரைச் சேர்த்தது என்பதுபோன்ற காரணங்களைத் தேட வேண்டியதில்லை.

ஜோ டாரியின் மேலாண்மையில் யாங்கீஸ் 1996, 1998, 1999, 2000 ஆண்டுகளில் கோப்பையை வென்றது. ஷார்ட்ஸ்டாப் டெரிக் ஜீட்டர், கேட்சர் ஹோர்ஹே போசாடா, நடுக்களத்தில் பெர்னி வில்லியம்ஸ், பிட்சர்கள் ஆண்டி பெட்டிட், மரியானோ ரிவேரா என அணியின் முதுகெலும்பு அதன் சொந்தப் பயிற்சி அணிகளிலிருந்து வந்தது. ரிவேரா ‘குளோசர்’, அதாவது முன்னிலையைக் காக்கக் பெரும்பாலும் கடைசி இன்னிங்ஸில் இறக்கப்படும் பிட்சர். 2003-இல் இதே இரு அணிகளும் இதே கட்டத்தில் மோதியபோது, ஏழாவது ஆட்டத்தின் 11-ஆவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஏரன் பூன், டிம் வேக்ஃபீல்டின் பந்தை ஹோம் ரன் அடித்துத் தொடரை முடித்துவைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் டெக்சஸ் அணியின் அலெக்ஸ் ரோட்ரிகஸை வாங்க ரெட் சாக்ஸ் முயன்றது. அவருடைய சம்பளத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை வீரர்கள் சங்கம் ஏற்காததால் பேரம் முறிந்தது. பிறகு பூன் கூடைப்பந்து ஆடி முழங்காலைக் காயப்படுத்திக்கொள்ள, காலியான மூன்றாம் தளத்துக்கு யாங்கீஸ் அதே ரோட்ரிகஸைக் கொண்டுவந்தது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடந்த போர் என்று இத்தொடரைச் சொல்வோர் உண்டு. யாங்கீஸின் சம்பளப் பட்டியல் 18 கோடி டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் மேஜர் லீகில் அதற்கு அடுத்த பெரிய பட்டியல் ரெட் சாக்ஸுடையது.

தொடரின் போக்கு

முதல் இரண்டு ஆட்டங்களையும் யாங்கீஸ் சொந்த மைதானத்தில் 10–7, 3–1 என்று வென்றது. கணுக்கால் தசைநார் நழுவிய ரெட் சாக்ஸ் பிட்சர் கர்ட் ஷில்லிங், முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்து வெளியேறினார். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் மூன்றாவது ஆட்டம் 19–8 என்று முடிந்தபோது, இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்றே பலரும் எண்ணினர்.

அக்டோபர் 17 இரவு நடந்த நான்காவது ஆட்டம் இத்தொடரின் அச்சாணி. ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 4–3 என்று முன்னே இருந்தது. பந்து ரிவேராவின் கையில். அவர் கெவின் மில்லருக்கு நான்கு தவறான பந்துகளை வீசி முதல் தளத்தைத் தானமாகக் கொடுத்தார். மில்லருக்குப் பதிலாக ஓட வந்தவர் டேவ் ராபர்ட்ஸ், ஜூலை 31 அன்று டாட்ஜர்ஸிலிருந்து வாங்கப்பட்ட, ஓட்டத்தைத் தவிர வேறெதற்கும் அணி பெரிதாக நம்பியிராத வீரர். அவர் இரண்டாம் தளத்தைத் திருடப்போகிறார் என்பது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிட்சர் பந்தை வீசத் தொடங்கும் கணத்தில் பாய்ந்து, கேட்சரின் எறி வந்து சேருமுன் அடுத்த தளத்தைத் தொடுவதே திருட்டு, பிடிபட்டால் அவுட். ரிவேரா அவரை அடக்கிவைக்க மூன்று முறை முதல் தளத்துக்குப் பந்தை எறிந்தார். பிறகு மட்டையாளரை நோக்கி வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார். போசாடாவின் எறி நன்றாகவே வந்தது. ஜீட்டரின் கையுறை இறங்குவதற்கு ஒரு கை அளவு முன்னால் அவர் தளத்தைத் தொட்டுவிட்டார். அடுத்து பில் மியூலர் நடுவழியாக அடித்த பந்தில் ராபர்ட்ஸ் வீடு வந்து சேர, ஆட்டம் 4–4. சமனானால் முடிவு வரும்வரை ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுகளுக்கு நீளும். நள்ளிரவு தாண்டி 1.22 மணிக்கு, 12-ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் அடித்த ஹோம் ரன்னில் ரெட் சாக்ஸ் 6–4 என்று வென்றது.

நாட்காட்டிப்படி அதே நாள் மாலையில் தொடங்கிய ஐந்தாவது ஆட்டம் 14 இன்னிங்ஸ், 5 மணி 49 நிமிடம் நீண்டது. யாங்கீஸின் டோனி கிளார்க் ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த பந்து தரையில் பட்டு எகிறி வேலியைத் தாண்டியது. விதிப்படி, முதல் தளத்தில் நின்ற ரூபன் சியெரா மூன்றாம் தளத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. வேலி இன்னும் ஓரடி உயரமாக இருந்திருந்தால் தொடர் அங்கேயே முடிந்திருக்கலாம். 14-ஆவது இன்னிங்ஸில் மறுபடியும் ஓர்டிஸ், 5–4.

ஆறாவது ஆட்டத்துக்கு முன் மருத்துவர்கள் ஷில்லிங்கின் கணுக்காலில் தையல் போட்டு, தசைநார் நகராமல் கட்டினர். காலுறையில் இரத்தம் கசிய அவர் ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். நொண்டும் பிட்சரை ஓடவைக்கும் ‘பன்ட்’ அடியை யாங்கீஸ் ஏன் முயலவில்லை என்ற கேள்வி நியூயார்க்கில் நெடுநாள் ஓயவில்லை. எட்டாவது இன்னிங்ஸில், தன்னைத் தொட்டு அவுட்டாக்க வந்த பிட்சர் பிரான்சன் அரோயோவின் கையுறையிலிருந்து ரோட்ரிகஸ் பந்தைத் தட்டிவிட்டார். நடுவர்கள் கலந்து பேசி அவரை அவுட் என்று அறிவிக்க, ரசிகர்கள் பொருள்களை வீசினர். கலவரத் தடுப்புப் போலீஸ் களத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. ரெட் சாக்ஸ் 4–2.

கடைசி ஆட்டத்தில் போட்டி என்று சொல்ல எதுவுமில்லை. ரெட் சாக்ஸின் ஜானி டேமன் இரண்டாவது இன்னிங்ஸிலேயே மூன்று தளங்களிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தார். டெரிக் லோ இரண்டே நாள் ஓய்வில் வந்து ஆறு இன்னிங்ஸ் வீசினார். 10–3. தொடரின் சிறந்த வீரர் விருது 11 ரன்களை அடித்துக் கொடுத்த ஓர்டிஸுக்கு.

சரிவின் காரணங்கள்

பழியில் பெரும்பங்கு ரிவேராவையும் ரோட்ரிகஸையும் சேர்ந்தது. ரிவேராவைப் பொறுத்தவரை இது பொருந்தாது. தொடர் தொடங்கும் நாளில்தான் அவர் பனாமாவில் உறவினர் இருவரின் இறுதிச் சடங்கை முடித்துத் திரும்பியிருந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் அவர் வீசும்போது எடுக்கப்பட்ட ரன், அவருக்கு முன் வீசிய டாம் கார்டன் தளங்களில் விட்டுச்சென்ற ஆட்களால் வந்தது.

உண்மையான ஓட்டை முந்தைய குளிர்காலத்தில் விழுந்தது. பெட்டிட், ரோஜர் கிளெமன்ஸ் இருவரும் ஹூஸ்டனுக்குப் போனார்கள். டேவிட் வெல்ஸும் விலகினார். ஈடாக வந்த கெவின் பிரவுன் செப்டம்பரில் கோபத்தில் சுவரைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டார். ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிய அவர் இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. அடுத்து வந்த ஹாவியர் வாஸ்கெஸ் டேமனுக்கு வீசிய முதல் பந்தே பார்வையாளர் மாடத்தில் விழுந்தது. தொடக்க பிட்சர்கள் சீக்கிரம் ஓய்ந்ததால் கார்டனும் ரிவேராவும் ஓய்வின்றி வீச நேர்ந்தது. 19 ரன் அடித்த மட்டையாளர்களின் மினுமினுப்பு இந்தக் குறையை மூன்று நாள் மறைத்தது, அவ்வளவுதான்.

பிந்தைய நிகழ்வுகள்

ரெட் சாக்ஸ் உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 4–0 என்று வென்று, அக்டோபர் 27 அன்று 86 ஆண்டுக்குப் பின் கோப்பையைக் கைப்பற்றியது. அன்றிரவு முழுச் சந்திர கிரகணம். அந்த உலகத் தொடரில் ராபர்ட்ஸ் களமிறக்கப்படவே இல்லை. டிசம்பரில் அவரை சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டார்கள். 2007, 2013, 2018 ஆண்டுகளிலும் ரெட் சாக்ஸ் வென்றது. யாங்கீஸுக்கு 27-ஆவது கோப்பை 2009-இல் கிடைத்தது.

இதற்குப் பின் 0–3 நிலையிலிருந்து ஏழாவது ஆட்டம்வரை வந்த மேஜர் லீக் அணி 2020-இன் ஹூஸ்டன் மட்டுமே. அதுவும் டாம்பா பேயிடம் தோற்றது. ஜப்பானில் இத்தகைய மீட்சி இதற்கு முன்பே நிகழ்ந்துள்ளது: 1958-இல் நிஷிடெட்சு லயன்ஸ், 0–3 என்றிருந்து யோமியூரி ஜயன்ட்ஸை வீழ்த்தியபோது அந்த நான்கு வெற்றிகளும் பிட்சர் கசுஹிசா இனாவோ பெயரிலேயே பதிவாயின.

2024 உலகத் தொடரில் யாங்கீஸின் மேலாளர் ஏரன் பூன்; எதிரணியான டாட்ஜர்ஸின் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ். ஐந்தாவது ஆட்டத்தில் 5–0 என்று முன்னே இருந்த யாங்கீஸ், ஒரே இன்னிங்ஸில் ஒரு கேட்சைக் கோட்டைவிட்டு, ஒரு பந்தைத் தவறாக எறிந்து, முதல் தளத்தைக் காக்க ஆளில்லாமல் விட்டு ஐந்து ரன்னையும் திருப்பிக் கொடுத்தது. டாட்ஜர்ஸ் 7–6 என்று வென்று கோப்பையைப் பெற்றது.