பனியில் மூணு மணி நேரம்

1893 பிப்ரவரி 22. நியூயார்க்குல கடும் பனிப்புயல். ஐந்தாம் அவென்யூல ஒரு முக்குல, கையில பெட்டி கேமராவை வெச்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கறார். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் இல்லீங்க, மூணு மணி நேரம். புயலுக்கு நடுவுல குதிரை வண்டி ஒண்ணு அவர் நெனச்ச மாதிரி எதிர்ல வரணும், அதுக்காக.

பேரு ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். அப்போ வயசு 29. 1882-ல பெர்லினுக்குப் போனது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க. அங்கே ஃபோகெல்ங்கற வேதியியல் பேராசிரியர் வகுப்புல உக்கார்ந்தவர், அப்புறம் இன்ஜினியரிங் பக்கமே திரும்பலை. (சேர்றது ஒண்ணு, பொழைக்கறது ஒண்ணுங்கறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்ல போல :-))

பல்லடத்துக்காரனுக்குப் பனின்னா மார்கழிக் காலையில புல்லு மேல நிக்கற ஈரம். மிஞ்சிப் போனா ஊட்டியில தை மாசம் விழற உறைபனி. அங்கே பனின்னா ஊரையே மூடிடும். அதுல போட்டோ எடுக்கறது அந்தக் காலத்துல லேசுப்பட்ட வேலை இல்ல. 1870-கள் வரைக்கும் புழக்கத்துல இருந்தது ஈரத் தகடு முறை. கண்ணாடித் தகட்டுல மருந்தைப் பூசி, அது காயறதுக்குள்ள படம் எடுத்து, உடனே கழுவியாகணும். புயல் அடிக்கற தெருவுல கூடாரம் போட்டு இதை எப்படிச் செய்யறது? உலர் தகடு வந்த பிறகுதான் கேமரா தைரியமா தெருவுக்கு இறங்குச்சு. தகட்டை வீட்டுலயே மாட்டிக்கிட்டுப் போகலாம், என்னைக்கு வேணா கழுவலாம். முக்காலியும் வேண்டாம், கையிலயே பிடிச்சுக்கலாம்.

அன்னைக்கு அவர் கையில இருந்ததும் அந்த மாதிரி 4x5 அங்குலக் கேமராதான், அதுவும் நண்பர்கிட்ட இரவல் வாங்கினது. அதுவரைக்கும் கைக் கேமராவை அவர் பெருசா மதிச்சதில்லை. பொத்தானை அமுக்கற வேடிக்கைக்காரங்களுக்கான சாமான்ங்கறது அன்னைக்கு இருந்த பெரிய கலைஞர்கள் நெனப்பு.

டெக்னிக்கலாப் பாத்தா இதுல ஒரு இழுபறி இருக்கு. புயல்ல வெளிச்சம் மங்கல், அதனால ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கணும். எதிர்ல வர்றதோ ஓடற குதிரை, அதுக்குக் கண்ணிமைக்கற நேரம்தான் திறக்கணும். இன்னைக்கு கேமராவுக்குள்ளயே மீட்டர் இருக்கு. அது எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம்னு எடுத்துக்கும், பனியைக் காட்டினா அழுக்கு வேட்டி கலர்ல படம் வரும். ஒண்ணு ரெண்டு ஸ்டாப் ஏத்தி வெச்சா வெள்ளை வெள்ளையாயிடும், எடுத்த கையோட திரையிலயும் பாத்துக்கலாம். ஸ்டீக்லிட்ஸுக்கு ரெண்டும் கிடையாது. எல்லாம் மனக்கணக்கு, பலன் தெரியறது இருட்டறையில.

தெரிஞ்சப்போ கூட இருந்த போட்டோ சங்கத்துக்காரங்க சிரிச்சாங்களாம். ஒரே மங்கல், தூக்கிப் போடுன்னு சொன்னதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அவர் அந்த நெகட்டிவ்ல ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பெருசாக்கி, பிரிண்ட் போட்டார். அதுதான் 'குளிர்காலம், ஐந்தாம் அவென்யூ'. சக்கரத் தடங்களுக்கு நடுவுல, பனியைக் கிழிச்சுக்கிட்டு வர்ற வண்டி. 1897-ல கைக் கேமராவை ஆதரிச்சு அவரே ஒரு கட்டுரையும் எழுதினார்.

1898-ல இன்னொரு கூத்து. நிமோனியாவுல படுத்திருந்த மனுசன், வெளிய பனி விழுதுன்னு ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குத் தெரியாம எழுந்து போயிட்டார். ரெண்டு பேண்ட், அடுக்கடுக்கா உள்ளாடை, மேல கோட்டு. சென்ட்ரல் பார்க் ஓரத்துல மரமும் விளக்குமா எடுத்த அந்தப் படத்துக்குப் பேர் 'உறைபனி இரவு'. நம்ம வீடா இருந்தா அம்மா கேமராவை ஒளிச்சு வெச்சிருப்பாங்க.

அதே நகரத்தோட பனியை அவருக்கு அஞ்சு வருசம் முன்னாடியே படம் பிடிச்சிருக்காங்க, ஆனா வேற நோக்கத்துக்கு. 1888 மார்ச் 11 முதல் 14 வரை அடிச்ச புயல்ல நியூயார்க்குல மட்டும் சுமார் 200 பேர் செத்தாங்க. அந்தப் படங்கள்ல கண்ணுல அடிக்கறது கம்பிகள். தந்தி, டெலிபோன், மின்சாரம்னு தலைக்கு மேல வலை மாதிரி, பனி பாரத்துல தொங்கிக்கிட்டு. கம்பியை மண்ணுக்கடியில புதைக்கணும்னு 1884-லயே சட்டம் இருந்தும் கம்பெனிகள் இழுத்தடிச்சிட்டு இருந்தாங்க. புயலுக்கு அப்புறம்தான் வேலை வேகமாச்சு. சட்டசபையில பேசி நடக்காதது பனி விழுந்து நடந்திருக்கு. இந்தப் படங்களைக் கலைன்னு யாரும் கொண்டாடலை, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

என்னைக் கேட்டா ஸ்டீக்லிட்ஸ் படங்கள்ல ஒசத்தி ஐந்தாம் அவென்யூ இல்ல, அதே குளிர்காலத்துல எடுத்த 'டெர்மினல்'. குதிரை இழுக்கற டிராம் திரும்பற கடைசி ஸ்டாப். வண்டிக்காரர் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறார், குதிரைங்களுக்குத் தண்ணி காட்டற நேரம். ஓடி வந்த சூட்டுல குதிரை உடம்புலருந்து ஆவி பறக்குது. ஊருக்குத் திரும்பி மூணு வருசமாகியும் ஒட்டாம, தனியா அலைஞ்சுக்கிட்டிருந்த காலம் அது. அந்தக் குதிரைங்களையாவது பாத்துக்க ஒரு ஆள் இருக்கறதைப் பாத்து ஆறுதலா இருந்துச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்கார்.

எனக்கு அந்தப் படத்துல வேற ஒண்ணு தெரியுது. பனி கொட்டற அன்னைக்கு, வசதி இருக்கறவன் வீட்டுக்குள்ள இருந்துக்கலாம். தெருவுல நிக்கறது வேலைக்கு வந்தே ஆகணும்கற ஆளுங்க. இவர் மூணு மணி நேரம் நின்னது இவர் இஷ்டம், வேண்டாம்னா வீட்டுக்குப் போகலாம். டிராம்காரருக்கு அந்த வசதி இல்ல, அடுத்த டிரிப் எடுக்கணும். நியூயார்க்குல கடைசிக் குதிரை டிராம் 1917-ல நின்னு போச்சு. ஸ்டீக்லிட்ஸ் பத்தி புத்தகம் புத்தகமா எழுதியாச்சு. அந்த வண்டிக்காரர் முகம் படத்துலயே இல்ல, முதுகும் ரப்பர் கோட்டும்தான்.