முன்பின் தெரியாதவரோடு ஏன் வாதாடுகிறோம்?

போன மாதம் ஓர் இரவு. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. காலை எட்டு மணிக்கு வேலையில் முக்கியமான கூட்டம். நானோ போனைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவரோடு அகதிகளின் உரிமை பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழும்பி வந்த அப்பா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆர் எவர் எண்டு தெரியாதவனோட உனக்கென்ன கதை? அவன் மாறப்போறானே?"

அவர் மாறவில்லை. நானும் மாறவில்லை. அப்படியென்றால் ஏன் பேசினேன்? உங்களில் பலரும் இதே வேலையைத்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பழக்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். நாங்கள் வாழும் லண்டனிலேயே அதற்கு 350 வருடங்களுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

1652-இல் கோர்ன்ஹில் பகுதியில், ஒரு சிறிய ஒழுங்கையில், பாஸ்குவா ரோசே என்பவர் கோப்பிக் கடை ஒன்றைத் தொடங்கினார். லண்டனின் முதல் கோப்பிக் கடை அதுதான் என்பார்கள். விரைவிலேயே நகரம் முழுக்க இப்படிப்பட்ட கடைகள் வந்தன. ஒரு பென்னி கொடுத்தால் போதும். நீண்ட மேசையில் யாருக்குப் பக்கத்திலும் இருக்கலாம், பேச்சில் கலந்துகொள்ளலாம். 1659-இல் ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற சிந்தனையாளரின் ரோட்டா கழகம் ஒரு கோப்பிக் கடையில் கூடியது. நாட்டை எப்படி ஆள வேண்டும் என்று வாதாடி, முடிவில் பெட்டியில் வாக்குப் போட்டார்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: பெண்கள் அங்கே கோப்பி பரிமாறினார்கள், ஆனால் அந்த மேசையில் இருந்து வாதாட அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

1675 டிசம்பர் 29-ஆம் தேதி, மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் கோப்பிக் கடைகளையெல்லாம் மூடும்படி ஆணையிட்டார். அங்கே அரசைப் பற்றிப் பொய்யும் அவதூறும் பரவுகின்றன என்பது அவர் சொன்ன காரணம். ஜனவரி 10 முதல் அது நடைமுறைக்கு வர இருந்தது. எதிர்ப்பு எவ்வளவு பலமாக இருந்ததென்றால், ஜனவரி 8-ஆம் தேதியே மன்னர் இறங்கிவந்தார்.

மன்னர் எதற்குப் பயந்தார்? ஒரே வீட்டில், ஒரே கூட்டத்துக்குள் முணுமுணுத்தால் அது அங்கேயே அடங்கிவிடும். தெரியாதவர்கள் தெரியாதவர்களோடு பேசத் தொடங்கினால் ஒரு வட்டத்தின் செய்தி இன்னொரு வட்டத்துக்குத் தாவும். அதை எந்த அரசாலும் எளிதில் பிடிக்க முடியாது.

அடுத்த இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: மார்பிள் ஆர்ச்சுக்குப் பக்கத்தில், ஹைட் பார்க்கின் மூலையில் உள்ள ஸ்பீக்கர்ஸ் கோர்னர். அதன் அருகில்தான் 1783 வரை டைபர்ன் தூக்குமேடை இருந்தது. சாகப்போகிறவர் கடைசியாகக் கூட்டத்தைப் பார்த்துப் பேச விடுவார்கள். 1866 ஜூலை 23-ஆம் தேதி, தொழிலாளர்களுக்கும் வாக்குரிமை கேட்டு ஒரு பெரிய ஊர்வலம் அங்கே வந்தது. அரசு பூங்காவின் கதவுகளைப் பூட்டி வைத்தது. கூட்டம் தள்ளிய தள்ளில் இரும்பு வேலி சாய்ந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், தடையையும் மீறி மறுபடி கூடினார்கள்; இந்த முறை அரசு தடுக்கவில்லை. அதே 1867-இல் நகரத் தொழிலாளர்களில் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது. 1872-இல் பூங்காக்களுக்கான சட்டம் வந்த பிறகு, அந்த மூலையில் பேசுவது ஒழுங்கான வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்திய விடுதலை கேட்டவர்கள், கம்யூனிஸ்டுகள், மது ஒழிப்புக்காரர்கள் என்று தான் அங்கே கேட்ட பேச்சாளர்களை 1945-இல் ஜோர்ஜ் ஓர்வெல் ஒரு கட்டுரையில் பட்டியல் போட்டிருக்கிறார். சட்டம் மட்டும் பேச்சுரிமையைக் காப்பாற்றாது, மக்களுக்கு அதில் அக்கறை இருந்தால்தான் அது நிலைக்கும் என்பது அவர் வாதம்.

இனி என் கதை. 2009-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நாடாளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் மக்கள் கூடி நின்றது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது பொறியியல் மாணவன். ஒரு நாள் வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் என்னிடம் வந்து, "இங்கே என்ன நடக்கிறது, தம்பி?" என்ற மாதிரி அன்பாகத்தான் கேட்டார். நான் கோஷத்தைச் சொன்னேன். "அது எங்கே இருக்கிறது? எப்போது தொடங்கியது?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்குள் பேசும்போது பாதி வார்த்தை போதும். மீதியை எல்லோரும் விளங்கிக்கொள்வோம். தெரியாதவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு அந்த முதல் தெரிந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு 1948-இன் குடியுரிமைச் சட்டத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

அதனால்தான் வாதாடுகிறேன் என்று அப்பாவுக்குச் சொன்னேன். எதிரில் இருப்பவர் மாற மாட்டார், சரி. ஆனால் அவர் கேட்கும் கேள்வியில் என் அறிவின் ஓட்டை எனக்குத் தெரிகிறது. பக்கத்தில் பேசாமல் நிற்கும் பத்துப் பேர் இரண்டு பக்கத்தையும் கேட்கிறார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நாங்கள் பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவனோட அரசியல் கதைச்சதே இல்லை. அவன் எந்தப் பக்கத்தாள் எண்டு ஆருக்குத் தெரியும்?" 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கே இல்லாமல் 18 மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்று 2022 வரை இருந்தது. அந்த நாட்டில் வளர்ந்தவருக்குத் தெரியாதவர் என்றால் ஆபத்து. எனக்குத் தெரியாதவர் என்றால் வெறும் தெரியாதவர். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

சொத்தை வீணாக்கவும் கூடாது. ஏச வேண்டும் என்றே வருபவர்களோடு இரவு ஒரு மணி வரை மல்லுக்கட்டாதீர்கள். ஏணியிலிருந்து இறங்கவும் தெரிய வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். எங்கள் பக்கத்துப் பிழையையும் ஒத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

போன ஞாயிறு அப்பாவை ஸ்பீக்கர்ஸ் கோர்னருக்குக் கூட்டிப்போனேன். ஒலிபெருக்கி அங்கே கூடாது, தொண்டைதான். ஏணியில் நின்ற ஒருவர் அகதிகளைப் பற்றி ஏதோ சொன்னார். அப்பா என் கையைச் சுரண்டினார். "அது பிழை. போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோ, அப்பா."

அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் வருகிறாராம்.