வலுவிழந்தோர் கலையும் காட்சிக்கூடமும்: ஒரு வரலாற்று நோக்கு

கலைப்பொருள் ஒன்றைக் காட்சிக்கு வைப்பது அதனைப் படைத்தவருக்குச் செய்யும் சிறப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயினும் உளநோயாளர், அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையோர் ஆகியோரின் படைப்புக்கள் கடந்த நூறாண்டுக் காலத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட வரலாற்றை நோக்குமிடத்து, இக்கருத்து எப்பொழுதும் பொருந்துவதன்று என்பது புலனாகும். ஒரே தொகுதியைச் சேர்ந்த ஓவியங்கள் ஒரு காலத்தில் வியப்புக்கும் பிறிதொரு காலத்தில் ஏளனத்துக்கும் உரியனவாயின. ஆகவே யாரால், எதற்காக, எவருடைய பெயரில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன என்பதே இவ்வரலாற்றின் தலையாய வினாவாகும்.

இதன் முதற்கட்டம் யேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழக உளநோய் மருத்துவமனையுடன் தொடர்புடையது. கலைவரலாறும் மருத்துவமும் கற்ற ஹான்ஸ் பிறின்ஸ்ஹோண் 1919 இல் அங்கு பணியேற்றார். பல்வேறு உளநோய் விடுதிகளுக்குக் கடிதம் எழுதி, நோயாளர் ஆக்கிய ஏறத்தாழ 5000 படைப்புக்களை அவர் திரட்டினார். 1922 இல் வெளிவந்த அவரது நூல், அவற்றை நோயின் அறிகுறிகளாக மட்டும் கொள்ளாது, மனிதர் யாவருக்கும் பொதுவான ஆக்க உந்தலின் வெளிப்பாடுகளாகவும் கண்டது. மக்ஸ் ஏர்ண்ஸ்ற் முதலான ஓவியர்கள் அந்நூலால் ஈர்க்கப்பட்டனர். எனினும் நூலில் ஆராயப்பட்ட முதன்மையான கலைஞர்கள் புனைபெயர்களிலேயே இடம்பெற்றனர். அவர்களுள் 'பிரான்ஸ் போல்' எனக் குறிக்கப்பட்டவரின் உண்மைப் பெயர் பிரான்ஸ் கார்ல் பூலர் என்பதாகும். கலைநயமிக்க இரும்பு வேலையில் தேர்ந்த அவர், 1893 இல் நடைபெற்ற சிக்காகோ உலகக் கண்காட்சியிற் பரிசு பெற்றவர். பின்னர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை உளநோய் விடுதிகளிற் கழித்தவர்.

நாற்சிகள் ஆட்சிக்கு வந்தபின் இத்தொகுதியின் பயன் தலைகீழாக மாறியது. 1937 இல் மியூனிக்கில் 'சீர்கெட்ட கலை' என்னும் கண்காட்சி திறக்கப்பட்டது. நவீன ஓவியங்களை இழிவுபடுத்துவதே அதன் நோக்கம். அக்கண்காட்சி நகர்தோறும் கொண்டுசெல்லப்பட்டபோது, 1938 முதல் ஹைடல்பேர்க் தொகுதியின் படைப்புக்களும் நவீன ஓவியங்களுக்கு அருகே வைக்கப்பட்டன. இரண்டும் ஒத்திருப்பதைக் காட்டி, இரண்டையும் ஒருங்கே இகழச் செய்வது இவ்வொழுங்கின் உட்கிடை. இகழ்ச்சி காட்சிக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. நோயாளரையும் வலுவிழந்தோரையும் 'வாழத் தகுதியற்றோர்' எனக் கொன்றொழிக்கும் அரச திட்டத்தின் கீழ், 1940 தொடக்கம் 1941 ஓகஸ்ட் வரையில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர். 1940 இல் கிறாபெனெக் என்னுமிடத்திற் கொல்லப்பட்டவர்களுள் பூலரும் ஒருவர். படைப்பைப் பார்க்கும் கண், படைத்தவரின் உயிரை மதியாதவிடத்து நேரும் விளைவுக்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

போருக்குப் பின்னர் இரண்டாம் கட்டம் தொடங்கியது. பிரெஞ்சு ஓவியர் ஜோன் டுபுவே 1945 முதல் இத்தகைய ஆக்கங்களைத் தேடித் திரட்டி, கலைக்கழகப் பயிற்சியினால் மெருகிடப்படாத 'பச்சைக் கலை' என்ற கருத்தில் அவற்றுக்குப் பெயரிட்டார். அவர் திரட்டிய தொகுதி 1976 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இதனைப் 'புறத்தார் கலை' என அறிமுகப்படுத்தியது றொஜர் கார்டினல் 1972 இல் எழுதிய நூலாகும். ஏளனம் இங்கே மதிப்பாக மாறியது. எனினும் புறத்தே நிற்பதையே சிறப்பாகக் கொண்டாடும் இக்கொள்கை, அவர்களை உள்ளே அழைக்க வேண்டிய கடமையைப் பெரிதும் எழுப்பவில்லை.

அக்கடமையை ஏற்றது மூன்றாம் கட்டமாகும். உளவியலாளர் எலாயஸ் காற்ஸ், அவர் துணைவியாரும் ஓவியருமான புளோறன்ஸ் லூடின்ஸ் காற்ஸ் ஆகிய இருவரும் 1974 இல் கலிபோர்ணியாவில் 'கிறியேற்றிவ் குறோத்' என்னும் கலைக்கூடத்தை நிறுவினர். பெரும் விடுதிகளிலிருந்து வலுவிழந்தோர் வெளியேற்றப்பட்டு, புகலும் தொழிலும் இன்றி நின்ற காலம் அது. பொருட்களும் இடமும் நேரமும் அளித்தல், கற்பிப்பதினும் துணைநிற்றல், படைப்புக்களை அவரவர் பெயரிலேயே காட்சிக்கு வைத்தல், விற்பனைத் தொகையிற் படைத்தவருக்குப் பங்கு வழங்கல் என்பன அதன் நடைமுறைகளாயின.

இந்நடைமுறையின் பயனை ஜுடித் ஸ்கொட்டின் வாழ்வு விளக்கும். 1943 இல் ஒகையோ மாநிலத்தில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்த அவருக்கு டவுண் நோய்க்குறி இருந்தது. செவிப்புலனும் இல்லை, ஆனால் அது நெடுங்காலம் கண்டறியப்படாமையால், கல்வி கற்க இயலாதவர் எனக் கணிக்கப்பட்டு, ஏழு வயதில் விடுதிக்கு அனுப்பப்பட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் அவருடைய இரட்டைச் சகோதரி அவரை மீட்டு, 1987 இல் ஒக்லாந்திலுள்ள இக்கூடத்திற் சேர்த்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவர் எதிலும் ஈடுபாடு காட்டவில்லை. கூடத்தினரோ அவரை விலக்கிவிடவில்லை. பின்னர் நூலும் கம்பளி இழையும் கொண்டு பொருட்களைச் சுற்றிச் சுற்றி உருவங்கள் ஆக்கத் தொடங்கிய அவர், 2005 இல் இறக்கும் வரை அதனை நிறுத்தவில்லை. 2014 இல் நியூயோர்க்கின் புறூக்லின் அரும்பொருளகம் அவருடைய ஆக்கங்களுக்கெனத் தனிக் கண்காட்சியே நடத்தியது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. ஸ்கொட் பேசியவரல்லர், தம் ஆக்கங்களுக்குத் தலைப்பு இட்டவருமல்லர். தம்மைக் காட்சிக்கு வைக்க அவர் இசைந்தார் என்று எவ்வாறு கூறமுடியும்? இவ்வினாவுக்கு முழுமையான விடை இல்லை. ஆயினும் பூலருக்கு மறுக்கப்பட்ட இரண்டு ஸ்கொட்டுக்குக் கிடைத்தன: தம் பெயர், தாமே தெரிந்து செய்யும் அன்றாடப் பணி. மொழியற்றவரின் இசைவை அவர் நாள்தோறும் திரும்பிவந்து அமரும் இருக்கையிலேதான் ஓரளவு அறிய முடியும். அவ்விருக்கையை அமைக்காது ஆக்கத்தை மட்டும் எடுத்துச் செல்லும் காட்சிக்கூடம் பழைய பிழையையே மீளச் செய்வதாகும்.

2025 இல் பிரித்தானியாவின் ரேணர் பரிசு, கற்றற் குறைபாடுடைய நெனா கலு என்பவருக்கு வழங்கப்பட்டது. அவருக்குப் பின்னாலும் பல்லாண்டு துணைநின்ற 'அக்சன்ஸ்பேஸ்' என்னும் கலை அமைப்பு ஒன்று உண்டு. வலுவிழந்தோர் தம் ஆக்கத்திறனை வளர்த்துப் பயன்படுத்தும் வாய்ப்பை, ஐக்கிய நாடுகள் சபையின் 2006 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை உரிமையாகவே கொள்கின்றது. அச்சமவாயத்தை 2016 இல் ஏற்றுறுதி செய்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. சுவரில் ஓவியம் மாட்டுவது ஒருநாட் பணி; அதன் கீழ் எழுதப்படும் பெயருக்குரியவர் மறுநாளும் வந்து அமர ஓர் இடம் வைத்திருப்பதோ நெடுநாட் பணி. உரிமை என்ற சொல் பின்னையதையே வேண்டி நிற்கின்றது.