கரடி நீர்: ஓர் ஏரி, ஓர் ஊர், ஒரு மன்னிப்பு



இரண்டாம் உலகப் போர் பற்றிய கருத்துணர்தல் பகுதி ஒன்றைப் படிவம் மூன்றில் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கையைத் தூக்கி, “டீச்சர், ஹிரோஷிமாவுல போட்ட குண்டுக்கு யுரேனியம் எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடினேன். அந்தத் தேடல் என்னைக் கனடாவின் வடகோடியில் உள்ள ஓர் ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதன் பெயர் கிரேட் பேர் ஏரி. முழுக்க முழுக்கக் கனடாவுக்குள்ளேயே அமைந்த ஏரிகளில் இதுதான் மிகப் பெரியது. பரப்பளவு சுமார் 31,000 சதுர கிலோமீட்டர். நம் பகாங் மாநிலத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது! ஆழம் 400 மீட்டருக்கும் மேல். ஆர்க்டிக் வட்டக்கோடு ஏரியின் வடபகுதியைக் கடந்து செல்கிறது. நவம்பர் கடைசியில் உறையத் தொடங்கினால் பனி முழுதாக விலக ஜூலை ஆகிவிடும்.

இவ்வளவு பெரிய ஏரிக் கரையில் இன்று இருப்பது ஒரே ஓர் ஊர், டெலினே. ‘நீர் பாயும் இடம்’ என்று பொருள். ஏரி நீர் கிரேட் பேர் ஆறாக வெளியேறி மெக்கன்சி ஆற்றில் கலக்கப் புறப்படுவது இதன் அருகில்தான். மக்கள் 500-க்குச் சற்று மேல். தெனே பழங்குடியினரில் ஒரு பிரிவினரான இவர்கள், ஏரியைச் சாஹ்து என்கிறார்கள். ‘கரடி நீர்’ என்பது அதன் பொருள். மீனும் காட்டுக் கலைமானும்தான் இவர்களுக்குக் காலங்காலமாகச் சோறு போட்டவை. 1825-இல் ஆங்கிலேய நாடாய்வாளர் ஜான் பிராங்க்ளின் இங்கே குளிர்காலத்தைக் கழித்தார். அதனால் ஊருக்கு ‘போர்ட் பிராங்க்ளின்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1993-இல்தான் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். 1930-இல் ஏரியின் கிழக்குக் கரையில் கில்பர்ட் லபைன் என்பவர் ரேடியம் அடங்கிய தாதுவைக் கண்டுபிடித்தார். போர்ட் ரேடியம் என்ற சுரங்கம் எழுந்தது. 1940-இல் மூடப்பட்ட அது, 1942-இல் யுரேனியத்துக்காக மீண்டும் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் ரகசிய அணுகுண்டுத் திட்டத்துக்குக் காங்கோவிலிருந்து பெரும்பங்கு யுரேனியம் போனது. இந்த ஏரிக்கரையிலிருந்தும் போனது.

தாதுவைத் துணி மூட்டைகளில் கட்டினார்கள். அவற்றைப் படகில் ஏற்றவும் இறக்கவும் முதுகில் சுமக்கவும் தெனே ஆண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். மூட்டையில் இருப்பது என்ன, அது எதற்குப் போகிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பிற்பாடு அவர்களில் பலர் புற்றுநோயில் இறந்ததாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். டெலினேயை ‘விதவைகளின் ஊர்’ என்றும் அழைத்தார்கள். 2005-இல் அரசும் ஊராரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையோ, மூட்டை சுமந்தவர்களின் புற்றுநோய்க்குத் தாதுதான் காரணம் என்று நிறுவ அறிவியல் சான்று போதாது என்றது.

என்னை உலுக்கியது இனி வருவதுதான். 1998 ஆகஸ்டில் டெலினே மக்கள் சிலர் ஹிரோஷிமாவுக்கே போனார்கள். குண்டு விழுந்து உயிர் பிழைத்தவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார்கள். தெரியாமல் செய்தாலும், ‘எங்கள் மண்ணிலிருந்து போனதுதானே’ என்று அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

2016-இல் டெலினே தன்னாட்சி பெற்றது. அதே ஆண்டு யுனெஸ்கோ இந்த ஏரியையும் சுற்றுப்புறத்தையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

மறுவாரம் வகுப்பில் இதைச் சொன்னபோது அந்த மாணவி கேட்டாள்: “டீச்சர், தெரிஞ்சே செஞ்சவங்க மன்னிப்புக் கேட்டாங்களா?”

பதிலை நான் சொல்லிவிடவில்லை. அதையே கலந்துரையாடல் தலைப்பாக வைத்தேன். ‘அறியாமல் செய்த செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டுமா?’ என்று கருத்து விளக்கக் கட்டுரையும் எழுதச் சொன்னேன். வழக்கமாக ஒரு பக்கத்தோடு நிறுத்துபவர்கள்கூட அன்று இரண்டு பக்கம் எழுதினார்கள். நீங்களும் உங்கள் வகுப்பில் முயன்று பாருங்கள்.